ஜன்னல் கட்டையில் கறுப்புத் தூசி, குழந்தையின் ரத்தத்தில் காரீயம் 4.1: என்ன செய்யலாம்?

ஜன்னலோரம் – செப்டம்பர் 3, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் பஸ் ஸ்டாப்பை ஒட்டிய வீடு, முதல் மாடி. சிக்னலும் பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் துடைத்த ஜன்னல் கட்டையில் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம். செம்மண் தூசி மாதிரி உதிர்ந்து போகாது. கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டிக்கொள்ளும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரல் ரேகைக்குள் நிற்கும்.

மகளுக்கு 14 மாதம். பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியதிலிருந்து அவளுக்கு அந்த ஜன்னல்தான் உலகம். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ் பார்ப்பாள், அப்புறம் அந்தக் கை நேராக வாய்க்குப் போகும். நாளுக்கு எத்தனை தடவை துடைப்பது?

வெளிறிப்போய் இருக்கிறாள் என்று ரத்தம் பார்த்தோம். ஹீமோகுளோபின் 9.8. கூடவே காரீயமும் (லெட்) பார்த்தார்கள்: 100 மில்லி லிட்டருக்கு 4.1 மைக்ரோகிராம். அறிக்கையில் "10க்குக் கீழ் இயல்பு" என்று அச்சடித்திருக்கிறது. காட்டிய இடத்திலும் நார்மல்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து படித்தால் 3.5 என்று ஒரு கணக்கு வருகிறது. எதை நம்புவது? இதற்குக் காரணம் தெருத் தூசிதானா?

இன்னொன்று. வீட்டு வாசலில் மழைநீர் வடிகாலைத் தூர் வாரி, அந்தக் கறுப்பு மண்ணைச் சாலையோரமாகக் குவித்து வைத்துப் பத்து நாள் ஆகிறது. காய்ந்துவிட்டது. பஸ் போகும்போதெல்லாம் பறக்கிறது.

மருந்துச்சீட்டு – செப்டம்பர் 3, இரவு 11.55

குழந்தை மருத்துவர் என்ற முறையில் பதில் சொல்கிறேன். முதலில், பயப்பட வேண்டாம். இரண்டாவது, இதை நார்மல் என்று விட்டுவிடவும் வேண்டாம்.

அந்த 10 என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1991இல் வைத்த அளவு. 2012இல் அதை 5 ஆக்கினார்கள். 2021இல் 3.5 ஆக்கினார்கள். உங்களுக்குக் கிடைத்த தாளில் பழைய எண் அப்படியே நிற்கிறது. இந்த 3.5ஐப் பாதுகாப்பு எல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த நாட்டுச் சின்னக் குழந்தைகளில் மிக அதிகமாக இருக்கும் நூற்றுக்கு இரண்டரைப் பேரைப் பிரித்துக்காட்டும் கோடு அது, அவ்வளவுதான். உலகச் சுகாதார நிறுவனம் காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவே இல்லை என்கிறது. 5 வந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்று 2021இல் வழிகாட்டியிருக்கிறது. நீங்கள் இப்போதே தேட ஆரம்பிப்பது நல்லது.

ஒரு கேள்வி: ரத்தம் எடுத்தது விரல் நுனியிலா, நரம்பிலா?

ஜன்னலோரம் – செப்டம்பர் 4, காலை 6.10

விரல் நுனியில்தான், டாக்டர்.

மருந்துச்சீட்டு – செப்டம்பர் 4, காலை 6.32

அப்படியானால் நரம்பில் எடுத்து ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். நீங்கள் சொன்ன அதே கறுப்பு விரல் ரேகையில் கொஞ்சம் இருந்திருந்தாலும் துளி ரத்தத்தில் கலந்து எண்ணைக் கூட்டிக் காட்டும்.

ஹீமோகுளோபின் 9.8ஐத்தான் நான் முதலில் கவனிப்பேன். இரும்பும் காரீயமும் குடலில் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போகின்றன. இரும்பு குறைந்த குழந்தையின் குடல் அந்த வாசலை அகலத் திறந்து வைத்திருக்கும், காரீயமும் சேர்ந்து நுழைந்துவிடும். கால்சியம் குறைந்தாலும் இதேதான். சின்னக் குழந்தை விழுங்கிய காரீயத்தில் பாதி வரைகூட உடம்பில் ஏறும். பெரியவர்களுக்குப் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதனால் இரும்புச் சொட்டு மருந்தை அளவு கேட்டுக்கொண்டு இன்றே தொடங்குங்கள். வயிறு நிறையச் சாப்பிட வையுங்கள். வெறும் வயிற்றில் இன்னும் அதிகமாக ஏறும்.

நாலுகட்டுவீடு – செப்டம்பர் 4, காலை 9.15

படித்ததும் பதறிப்போனேன். எங்கள் வீட்டில் பாட்டி காலத்து ஈயச்சொம்பில்தான் இன்றும் ரசம். தூக்கிப் போட்டுவிடவா?

தாமிரபரணி72 – செப்டம்பர் 4, காலை 9.48

தூக்கிப் போடாதீர்கள் அம்மா. முப்பது வருடம் வேதியியல் நடத்தியவன், ஒவ்வொரு வகுப்பிலும் இந்தக் குழப்பத்தைப் பார்த்திருக்கிறேன். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகத்துக்கும் ஓடுகிறது. ரசச் சொம்பும், பித்தளைக்குப் பூசுவதும் வெள்ளீயம், அதாவது டின். பேட்டரியிலும், பழைய பெட்ரோலிலும், சில பெயின்ட்டிலும் இருப்பது காரீயம். நஞ்சு இரண்டாவதுதான். வெள்ளீயம் என்று சொல்லிக் காரீயத்தைக் கலந்து விற்கும் புதுச் சொம்புதான் ஆபத்து. தெரியாத கடையில் வாங்கியதாக இருந்தால் சோதித்துப் பார்க்காமல் அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

இந்த இழையில் இனி காரீயம் என்றே எழுதுவோம், குழப்பம் வராது.

கரிசல்மண் – செப்டம்பர் 4, மதியம் 1.20

நான் சாலைத் தூசி ஆய்வில் இருப்பவன். கையில் பிளாஸ்டிக் முறமும் பெயின்ட் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு சாலையோரத்தில் குந்தி உட்கார்ந்து கூட்டுகிறவர்களைப் பார்த்திருந்தால் அது எங்கள் கூட்டம்தான். இரும்பு முறம் எடுக்க மாட்டோம், அதுவே உலோகம் சேர்த்துவிடும். கூட்டியதை உலர்த்தி 63 மைக்ரான் சல்லடையில் சலிப்போம். மேலே நிற்கும் மணலைவிட அடியில் இறங்குகிற மாவில்தான் விஷயம் இருக்கிறது. மாவுதான் கையில் ஒட்டும், காற்றில் ஏறும், மாடி ஜன்னலுக்கும் வரும். உலோகமும் அந்த மாவில்தான் அதிகம், ஏனென்றால் துகள் சிறுக்கச் சிறுக்க ஒட்டுவதற்கான பரப்பு கூடுகிறது.

உங்கள் ஜன்னல் கட்டையில் இருப்பது ஒரே பொருள் இல்லை. ஒரு சிட்டிகையில் குறைந்தது ஐந்தாறு ஊர்க்காரர்கள் இருப்பார்கள்.

டயர்: ரப்பரைக் கந்தகம் போட்டு இறுக்கும்போது துத்தநாக ஆக்சைடு சேர்ப்பார்கள். டயரின் எடையில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை அளவுக்குத் துத்தநாகம் இருக்கும். டயர் தேய்ந்து போகிறது என்கிறோமே, தேய்ந்தது எங்கே போனது? சாலையில்தான் கிடக்கிறது. அந்தப் பிசுக்குக் கறுப்பில் பெரும்பங்கு டயரும் டீசல் புகைக்கரியும்தான்.

பிரேக்: டிஸ்க் வார்ப்பிரும்பு, அதிலிருந்து இரும்புத் துகள். பேடில் செம்பு, பேரியம், அப்புறம் ஆன்டிமனி. ஆன்டிமனிக்கு நம் பழைய பெயர் அஞ்சனக்கல். சூட்டில் பேட் வழுக்காமல், கீச்சிடாமல் பிடிப்பதற்காக அதன் சல்பைடைச் சேர்க்கிறார்கள். வண்டி ஓடும் இடத்தைவிட நிற்கும் இடத்தில்தான் இது கொட்டும். உங்கள் வீடு பஸ் ஸ்டாப்பும் சிக்னலும் சேர்ந்த இடம்.

காரீயம்: பழைய பெட்ரோலின் மிச்சம், மஞ்சள் நிற, பச்சை நிறப் பெயின்ட், வீல் பேலன்ஸ் பண்ண அடிக்கும் எடைக்கட்டி, பேட்டரி வேலை.

இதெல்லாம் இயற்கை மண்ணிலும் கொஞ்சம் உண்டு. பூமியின் மேலோட்டில் சராசரியாகக் கிலோவுக்குக் காரீயம் 17 மில்லிகிராம், செம்பு 28, துத்தநாகம் 67 என்பது வழக்கமான கணக்கு. தூசியில் அளந்ததை இந்த அடிப்படையோடு ஒப்பிட்டுத்தான் எத்தனை மடங்கு ஏறியிருக்கிறது என்று சொல்வோம். 1969இல் ஜெர்மனியின் முல்லர் கொடுத்த குறியீடு இன்றும் ஓடுகிறது: அளந்ததை அடிப்படையின் ஒன்றரை மடங்கால் வகுத்து, இரண்டின் அடிமான மடக்கை எடுப்பது. அந்த ஒன்றரை எதற்கு என்றால், இடத்துக்கு இடம் பாறை மாறும். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துச் சார்னோகைட் என்ற கருங்கல் பாறையின் மண்ணையும் கடற்கரை மணலையும் ஒரே தராசில் வைத்தால் தப்பு. உலகச் சராசரியை மட்டும் வைத்து "அபாயம்" என்று கொட்டை எழுத்தில் போடுகிற கட்டுரைகள் மீது எனக்குக் கோபமே உண்டு. பக்கத்திலேயே, வண்டி போகாத இடத்தில், ஆழத்து மண் எடுத்து ஒப்பிட வேண்டும்.

மொத்த அளவு மட்டும் போதாது. வயிற்றில் எவ்வளவு கரையும் என்பதுதான் குழந்தைக்கு முக்கியம். அதற்கு அமிலத்தன்மை (pH) 1.5 அளவில் ஒரு கரைசலை உடம்புச் சூட்டில் வைத்து, தூசியை ஒரு மணி நேரம் சுழற்றி, கரைந்ததை அளப்போம். செயற்கை வயிறு மாதிரி. சில தூசியில் காரீயம் நிறைய இருந்தாலும் கொஞ்சம்தான் கரையும். சிலது அப்படியே கரைந்துவிடும்.

மேம்பாலத்தடி – செப்டம்பர் 4, மாலை 5.05

ஒரு விஷயம் ஒத்துவரவில்லை. இந்தியாவில் காரீயம் கலந்த பெட்ரோலை 2000 பிப்ரவரியோடு நிறுத்தியாகிவிட்டது. இருபத்தைந்து மழைக்காலம் போயிருக்கிறது. சென்னை வெள்ளமும் பார்த்தாகிவிட்டது. இன்னும் அது தெருவிலேயே உட்கார்ந்திருக்கிறது என்றால் எப்படி நம்புவது?

கரிசல்மண் – செப்டம்பர் 4, மாலை 6.30

நியாயமான கேள்வி. குப்பை மக்கும், எண்ணெய் சிதையும். காரீயம் ஒரு தனிமம், அது சிதைந்து வேறொன்றாக மாற வழியில்லை. இடம் மட்டும்தான் மாறும். மழை கொஞ்சத்தை அடித்துக்கொண்டு போகும், மிச்சம் மண்ணின் மேல் தோலில் களிமண்ணோடும் மக்கோடும் பிடித்துக்கொள்ளும். காய்ந்ததும் மறுபடி எழும்.

லண்டனில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். பிரிட்டன் காரீய பெட்ரோலை 1999இல் நிறுத்தியது. 2014க்கும் 2018க்கும் இடையில் அந்த நகரக் காற்றின் துகள்களைப் பிடித்து, காரீயத்தின் ஐசோடோப்பு விகிதத்தைப் பார்த்தார்கள், அதாவது எடையில் மட்டும் வேறுபடும் காரீய அணு வகைகள் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று. ஒவ்வொரு சுரங்கத்துக் காரீயத்துக்கும் அந்த விகிதம் வேறு, கைரேகை மாதிரி. 2021இல் வந்த முடிவு: காற்றில் இருந்த காரீயத்தில் நூற்றுக்கு நாற்பது வரை பழைய பெட்ரோலின் மிச்சம்.

நம் ஊரில் வெள்ளம் எங்கே கொண்டு போனது என்று கேட்டால், பாதி வடிகாலுக்குத்தான். அங்கே படிந்ததை அள்ளி மறுபடி சாலையோரம் வைத்தால் என்ன ஆகும்? முதல் பதிவில் இருக்கும் மண்மேடு இதுதான். தெருவின் பல வருடத்து மாவு, மழை சலித்துக் கொடுத்தது. எனக்கு அந்த வீட்டில் மற்ற எதையும்விட அந்த மேடுதான் கவலை. உடனே சாக்கு போட்டாவது மூடுங்கள், தண்ணீர் தெளித்து ஈரமாக வையுங்கள், அள்ளச் சொல்லி விடாமல் கேளுங்கள்.

பட்டறைக்காரன் – செப்டம்பர் 4, இரவு 9.20

நான் இருபது வருடமாக பிரேக் வேலை. பஸ், லாரி டிரம்மைக் கழற்றினால் உள்ளே ஒரு கை அள்ளுகிற அளவுக்குச் சாம்பல் கலர் மாவு இருக்கும். எங்கள் வழக்கம், ஏர் அடிப்பது. ஒரே ஊது, பட்டறை முழுக்கப் புகை மாதிரி நிற்கும். பையன்கள் மூக்கில் கர்ச்சீப் கட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். பழைய லைனிங்கில் கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) உண்டு என்று எங்கள் முதலாளி சொல்வார், ஆனாலும் ஏர் அடிப்பதை யாரும் நிறுத்தவில்லை.

வீல் எடைக்கட்டியைப் பற்றிக் கரிசல்மண் தம்பி சொன்னது சரி. நான் அதைப் பல்லால் கடித்து வளைத்திருக்கிறேன். அவ்வளவு மெத்து. பள்ளத்தில் வண்டி விழுந்தால் கழன்று ஓடிவிடும். சாலையோரத்தில் தேடினால் கிடைக்கும், நசுங்கித் தகடாக.

இதைப் படித்த பிறகு ஒன்று கேட்க வேண்டும். எனக்கு வீட்டில் ஐந்து வயதுப் பேரன் இருக்கிறான். வேலை முடிந்து போனதும் ஓடி வந்து ஏறிக்கொள்வான்.

மருந்துச்சீட்டு – செப்டம்பர் 4, இரவு 9.41

அண்ணே, பேரனைத் தூக்குவதற்கு முன் சட்டை, பேன்ட் மாற்றி, கை, முகம், தலை கழுவிவிடுங்கள். வேலைத்துணியைத் தனியாகத் துவைக்கச் சொல்லுங்கள், செருப்பு வெளியே இருக்கட்டும். பேரனுக்கும் உங்களுக்கும் ஒரு முறை ரத்தத்தில் காரீயம் பார்த்துவிடலாம். பல்லால் கடிப்பதை இன்றோடு விடுங்கள். ஏர் அடிப்பதற்குப் பதில் ஈரத் துணியால் துடைக்கவோ, தண்ணீர் பீய்ச்சிக் கழுவவோ முடியுமா பாருங்கள்.

கரிசல்மண் – செப்டம்பர் 4, இரவு 10.02

பட்டறைக்காரன் அண்ணன் சொன்ன எடைக்கட்டியை ஒருவர் உண்மையிலேயே தேடித் திரிந்திருக்கிறார். அமெரிக்காவில் ஆல்புகர்க்கி நகரத்தில் ராபர்ட் ரூட் என்பவர் சாலையோரம் நடந்து விழுந்த கட்டிகளைப் பொறுக்கி எடைபோட்டு, 2000இல் எழுதினார். விழுந்ததை வண்டிகள் சீக்கிரமே அரைத்துப் பொடியாக்கிவிடுகின்றன என்றும் காட்டினார். ஐரோப்பாவில் இந்தக் கட்டிக்கு 2005இலேயே தடை வந்துவிட்டது.

செம்பும் அப்படித்தான். கலிபோர்னியா 2010இல் சட்டம் போட்டு, பிரேக் பேடில் செம்பை 2021க்குள் நூற்றுக்கு ஐந்துக்குக் கீழும் 2025க்குள் அரைக்குக் கீழும் கொண்டுவரச் சொன்னது. மனிதருக்காக இல்லை, மீனுக்காக. செம்பு கலந்த சாலைத் தண்ணீர் ஓடையில் சேர்ந்தால் சால்மன் மீனுக்கு மோப்பம் மங்கிவிடுகிறது. பேட் செய்பவர்கள் புதுக் கலவை கண்டுபிடித்துக் கொடுத்தார்கள், வண்டிகள் நின்றுகொண்டுதான் இருக்கின்றன.

மிசிசிப்பிக்கரை – செப்டம்பர் 5, காலை 7.50

நான் லூசியானாவில் இருக்கிறேன். இங்கே நியூ ஆர்லியன்ஸில் ஹோவர்ட் மீல்க்கி என்ற ஆராய்ச்சியாளர் பல வருடம் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவர். காரீயத்துக்குப் பழைய வீட்டுப் பெயின்ட்தான் காரணம் என்று எல்லோரும் சொன்ன காலத்தில், இல்லை, வண்டி நெரிசல் உள்ள நகர நடுவில்தான் மண்ணில் அதிகம், புறநகரில் அதே வயது வீட்டுப் பக்கத்திலும் குறைவு என்று வரைபடம் போட்டுக் காட்டினார்.

ஜன்னலோரம் அக்காவுக்குத் தேவையான பகுதி இதுதான். குழந்தைகள் காப்பகங்களின் விளையாட்டுத் திடலில் அவர் பழைய மண்ணைத் தோண்டி எடுக்கவில்லை. மேலே பளிச்சென்ற நிறத்தில் ஒரு தடுப்புத் துணி விரித்து, அதன்மேல் மிசிசிப்பி ஆற்றின் சுத்தமான வண்டலைக் கொட்டினார். பிற்பாடு யாராவது தோண்டினால் துணி தெரியும், நிறுத்திவிடுவார்கள். நகரம் முழுக்கவும் அளவு இறங்கியிருக்கிறது. 2019இல் அவர் குழு எழுதியது: ஏறத்தாழ பதினைந்து வருடத்தில் மண்ணில் நடுமதிப்பு கிலோவுக்கு 99 மில்லிகிராமிலிருந்து 54 ஆனது, குழந்தைகள் ரத்தத்தில் 3.6இலிருந்து 1.2. மண் இறங்கினால் ரத்தமும் இறங்குகிறது. நம்பிக்கையோடு செய்யுங்கள்.

மேம்பாலத்தடி – செப்டம்பர் 5, காலை 11.30

வீட்டிலேயே பார்க்கலாம் என்று காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி என் பால்கனித் தூசியில் ஓட்டினேன். பூனை முடி மாதிரி சிலிர்த்துக்கொண்டு ஒட்டிவிட்டது! இதுதானா அந்தக் கன உலோகம்?

தாமிரபரணி72 – செப்டம்பர் 5, மதியம் 12.10

சின்ன வயதில் மெரினாவில் காந்தம் ஓட்டியதில்லையா தம்பி? அங்கேயும் இப்படித்தான் கறுப்பாகக் கொத்துக் கொத்தாக வரும். அது கடல் கொண்டுவந்த காந்தக்கல், யாரும் கொட்டியது இல்லை. காந்தம் பிடிப்பது இரும்பை. காரீயத்தையும் செம்பையும் அது தொடாது.

ஆனால் முயற்சி வீண் இல்லை. நல்ல உருப்பெருக்கி இருந்தால் பாருங்கள். கடற்கரைத் தாது பளபளவென்று முனை இருக்கும் மணியாகத் தெரியும். உலையிலும் எரிதலிலும் உருகி உறைந்தது உருண்டையாக, சின்னக் குண்டு மாதிரி இருக்கும். பிரேக்கில் தேய்ந்தது செதில் செதிலாக இருக்கும். ஆய்வுக்கூடங்களும் தூசியின் காந்தத்தன்மையை அளந்து, எங்கே முதலில் மாதிரி எடுக்கலாம் என்று முடிவு செய்வதுண்டு. எத்தனை காரீயம் என்று அது சொல்லாது.

வடக்குவாசல் – செப்டம்பர் 5, இரவு 8.45

எங்கள் பக்கத்துச் சந்தில் ஒரு தகரக் கொட்டகை. ராத்திரி பழைய பேட்டரியை உடைத்து, பிளேட்டை உருக்கிக் கட்டி ஊற்றுகிறார்கள். ஆசிட்டைச் சந்திலேயே கொட்டுகிறார்கள். நாக்கில் இனிப்பு மாதிரி ஒரு ருசி ஒட்டும். சொன்னால், நாங்களும் பிழைக்க வேண்டாமா என்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளும் அங்கேதான் தூங்குகின்றன. இதைப் பார்த்தால் பெட்ரோல், பிரேக்கெல்லாம் சின்ன விஷயமாகத் தெரிகிறது.

கரிசல்மண் – செப்டம்பர் 5, இரவு 9.30

ஆமாம், உங்கள் சந்து வேறு ரகம். தயவுசெய்து காத்திருக்காதீர்கள். செனகல் நாட்டில் டக்கார் பக்கத்தில் தியாரோய் சுர் மேர் என்ற இடத்தில் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தார்கள். பேட்டரி மண்ணைச் சலித்துக் காரீயம் பொறுக்கிய இடம் அது. அந்த மண்ணைச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் அங்கேயும் சலித்தார்கள்.

இந்தியாவில் 2001இலிருந்தே பேட்டரிக்குத் தனி விதி இருக்கிறது, 2022இல் புதுப்பித்தார்கள். பதிவு பெற்ற இடத்துக்குத்தான் பழைய பேட்டரி போக வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்தில் கொடுங்கள், தேதி போட்ட படத்தோடு. கொட்டகைக்காரரின் குழந்தைகளுக்கு ரத்தம் பார்க்க வேண்டும் என்பதை மனுவின் முதல் வரியாகப் போடுங்கள். அப்போது அது அவர்களை விரட்டும் மனுவாக மட்டும் இருக்காது.

நாலுகட்டுவீடு – செப்டம்பர் 6, காலை 10.00

உலோகத்தை உடம்பிலிருந்து இறக்குவதற்கு ஊசி, சூரணம் எல்லாம் விற்கிறார்களே, குழந்தைக்குக் கொடுக்கலாமா?

மருந்துச்சீட்டு – செப்டம்பர் 6, காலை 10.20

வேண்டவே வேண்டாம். உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து உண்டு, அதை 45 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் ஏறியவர்களுக்கு மருத்துவமனையில் வைத்துக் கொடுப்போம். 4.1க்குக் கொடுத்தால் நன்மை இல்லை, உடம்புக்கு வேண்டிய துத்தநாகமும் சேர்ந்து போய்விடும். பெயர் தெரியாத சூரணத்தில் காரீயமே இருந்து குழந்தை படுத்துப் போனதைப் பார்த்திருக்கிறேன். கேழ்வரகு, முருங்கைக்கீரை, பால், நெல்லிக்காய். சொல்லச் சாதாரணமாக இருக்கும், இந்த அளவுக்கு அதுதான் மருந்து.

ஜன்னலோரம் – செப்டம்பர் 27, இரவு 11.15

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். நரம்பில் எடுத்த ரத்தத்தில் 3.8. கரிசல்மண் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு மாதிரி எடுத்துத் தெரிந்தவர் மூலமாக ஒரு கல்லூரியில் எக்ஸ்-கதிர்க் கருவியில் பார்க்கக் கொடுத்தோம். ஒன்று ஜன்னல் கட்டையின் வெளிப்பக்கம், மற்றது உள்ளே கம்பிக்குக் கீழே தரையில் கூட்டியது.

வெளியே எடுத்ததில் இரும்பைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் துத்தநாகம்தான் முதலில் நிற்கிறது, அப்புறம் செம்பு, காரீயம், கொஞ்சம் ஆன்டிமனி. உள்ளே எடுத்ததில் காரீயம் வெளியே இருந்ததைவிடப் பல மடங்கு. குரோமியமும் ஏறியிருக்கிறது. அதைவிட ஏறத்தாழ நாலு மடங்கு காரீயம். எனக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே எப்படி அதிகம் வரும்?

கரிசல்மண் – செப்டம்பர் 27, இரவு 11.40

ஜன்னல் கம்பி என்ன நிறம்?

ஜன்னலோரம் – செப்டம்பர் 27, இரவு 11.43

பச்சை. வீட்டுக்காரர் கட்டும்போது அடித்தது. ஓரமெல்லாம் உரிந்திருக்கிறது.

கரிசல்மண் – செப்டம்பர் 28, நள்ளிரவு 12.15

அப்படியானால் விடை அங்கே இருக்கிறது. காரீய குரோமேட் என்பது பளிச்சென்ற மஞ்சள் நிறமி. நீலத்தோடு கலந்தால் பச்சை. அதில் எடைக்கணக்கில் காரீயம் குரோமியத்தைப் போல நாலு மடங்கு. அணு எடை 207, 52, வகுத்துப் பாருங்கள். உங்கள் எண் அச்சாகப் பொருந்துகிறது. வீட்டு பெயின்ட்டில் காரீயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் வைக்க வேண்டும் என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. உங்கள் கம்பி அதற்கு முந்தியதாகத்தான் இருக்கும்.

வெளியே இருப்பது நான் எதிர்பார்த்த சிக்னல் தூசிதான், செம்பும் ஆன்டிமனியும் சேர்ந்து வருவதால் பிரேக். ஆன்டிமனி மட்டும் காரீயத்தோடு வந்திருந்தால் பேட்டரியையும் சந்தேகப்பட்டிருப்பேன், பிளேட்டைக் கெட்டிப்படுத்த அதைச் சேர்ப்பது உண்டு. குழந்தை கையில் இரண்டும் ஒட்டியிருக்கிறது, வெளியே இருந்து வந்த மாவும் கம்பியின் பெயின்ட்டும். முதல் நாள் நான் தெருவை மட்டுமே நினைத்தேன், கம்பியைக் கேட்டிருக்க வேண்டும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். காய்ந்து தேய்த்தால் இப்போது இருப்பதைவிட மோசமாகும். உரிந்ததை ஈரப்படுத்தி மெதுவாகச் சுரண்டி, விழுந்ததைப் பையில் கட்டிவிட்டு, மேலே புதுப் பெயின்ட் இரண்டு கோட். அதுவரை குழந்தை வேறு அறையில்.

பட்டறைக்காரன் – செப்டம்பர் 28, காலை 7.30

கம்பிக்கு நானே வந்து அடித்துத் தருகிறேன் அம்மா. ஈரச் சாக்கு கட்டி வேலை செய்தால் பொடி பறக்காது. பேரனுக்கு ரத்தம் பார்த்தாகிவிட்டது, 6. டாக்டரிடம் தனியாகப் பேசினேன். பட்டறையில் ஏர் அடிப்பதை நிறுத்தியாகிவிட்டது.

ஜன்னலோரம் – டிசம்பர் 19, இரவு 9.50

கம்பிக்குப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. வாசல் மண்மேட்டைத் தெருவில் பதினேழு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு, மழை தொடங்குவதற்கு நாலு நாள் முன்னால் அள்ளினார்கள். விளக்குமாறு போட்டுப் பெருக்குவதை நிறுத்தி, தரையையும் ஜன்னல் கட்டையையும் ஈரத் துணியால் மட்டும் துடைக்கிறோம். செருப்பு வெளியே. மாமியார் மறுபடி வாசல் தெளித்துப் பெருக்க ஆரம்பித்திருக்கிறார், ஃபிளாட் வந்த பிறகு விட்டுப்போனது. ஹீமோகுளோபின் 11.2. காரீயம் 2.7.

ஜன்னல் கட்டை இன்னும் சாயங்காலத்துக்குள் கறுத்துவிடுகிறது. அது நம் கையில் இல்லை.

எங்கள் தெருவைப் பெருக்கும் அக்காவிடம் இதெல்லாம் சொன்னேன். ஆறு மணிக்கு வந்து, ஒன்பது வரை அந்தத் தூசிக்குள்தான் குனிந்திருப்பார். அவர் கேட்டது ஒன்றுதான்: "வீட்டுக்குப் போனதும் சின்னவன் மடியில வந்து உக்காந்துக்குவான், அதுக்கு என்ன செய்ய?" பட்டறைக்காரன் அண்ணனுக்கு டாக்டர் சொன்னதையே சொன்னேன். மாற்றுச் சேலை வைக்க ஓர் இடமும், கை கால் கழுவ ஒரு குழாயும் வழியில் எங்கேயும் இல்லை என்றார். எங்கள் கேட்டுக்கு உள்பக்கம் தோட்டக் குழாயடியில் சோப்பும் வாளியும் வைத்திருக்கிறோம், மீட்டர் அறையில் ஓர் ஆணியும் அடித்தோம். பெருக்குவதற்கு முன் தெளிக்க எங்கள் கட்டிடத்து ஹோஸைக் கொடுப்பது என்று பேசி முடிவாகியிருக்கிறது. நேற்று முதல் தடவையாக அந்த ஆணியில் அவருடைய பை தொங்கியது.